கீழே போகாத படிப்பு

எங்கள் வீட்டில் யாரையாவது கடுமையாக வைய வேண்டுமென்றால் ‘சுத்திக்காரன்’ என்பார்கள். கையில் சின்னச் சுத்தியலும் தோளில் பையுமாகக் கொல்லை கொல்லையாக, அதாவது புஞ்சை புஞ்சையாக நடந்து, கிடக்கிற கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவன் சுத்திக்காரன். அவன் வந்து போனால் பின்னாலேயே பூமியில் துளை போடுகிற போர் வண்டி வரும். போர் வண்டிக்குப் பின்னால் ஆபீஸ்காரர்கள் வருவார்கள். அதற்கப்புறம் கொல்லை இருக்காது, சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளம்தான் இருக்கும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் புஞ்சை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இந்த வரிசையை மாற்றாமல் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், ஜியாலஜி படிக்கப் போகிறேன் என்று சொன்னேன்.

அப்பாவும் அம்மாவும் பட்டறை நிழலில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டறை என்றால் வெங்காயத்தைக் கொட்டி வைக்க மூங்கில் படல் நிறுத்திக் கட்டிய நீளமான கூண்டு. அங்கே உட்கார்ந்திருக்கும்போது எந்தச் செய்தியைச் சொன்னாலும் எல்லோர் கண்ணிலும் ஏற்கெனவே தண்ணீர் நிற்கும். அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன்.

“ஜியாகிரபிதானே?” என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமல்.

“இல்லப்பா. ஜியாலஜி. பாறை, கல்லு, மண்ணு பத்திப் படிக்கிறது.”

அப்பாவின் கை நின்றது. “சுத்திக்காரன் படிப்பா?”

“சுத்திக்காரி” என்று அம்மா திருத்தினாள். வீடே தீப்பிடித்தாலும் அம்மாவுக்கு முதலில் ஒரு திருத்தம்தான் தோன்றும்.

நான் ஜியாகிரபி டீச்சராவது என்பது வீட்டில் எப்போதோ முடிவான விஷயம். அதற்குக் காரணமும் நான்தான். சின்ன வயதிலிருந்து எனக்கு மேப் பைத்தியம். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் எந்த ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த ஏரி எந்த ஊருக்குப் பாய்கிறது என்று பக்கத்தில் இருப்பவர்களின் உயிரை வாங்குவேன். ஜியாகிரபி படித்து, பி.எட். முடித்து, பெரம்பலூரிலேயே ஒரு கவர்மெண்ட் ஸ்கூலில் சேர்ந்து, சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்பது அப்பாவின் கணக்கு. அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், கல்லங்குறிச்சிப் பெருமாளிடம் பாடத்தின் பெயரைச் சொல்லியே வேண்டிக்கொண்டிருந்தாள்.

“சாமிகிட்ட வேற சொல்லிட்டேன்டி. இப்ப போயி மாத்திச் சொன்னா அவரு என்ன நெனப்பாரு?” என்று கேட்டாள். பெருமாள் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதைவிட, தன்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதுதான் அவள் கவலை.

என் மனம் மாறியது சாத்தனூரில். ஸ்கூலில் எங்களைக் கல்மரம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். கம்பி வேலிக்குள்ளே ஒரு பெரிய மரம் படுத்துக் கிடந்தது. கிட்டே போனால் அத்தனையும் கல். கூட வந்த பிள்ளைகள் பார்த்த வேகத்தில் திரும்பி, புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு காலத்தில் இங்கெல்லாம் கடல் இருந்தது, ஆற்றோடு வந்த மரம் கடலடி மண்ணில் புதைந்து கல்லானது என்று டீச்சர் சொன்னதிலிருந்து, நான் நிற்கிற தரையே ஆடுவது மாதிரி இருந்தது. மேப்பில் எங்கள் ஊரிலிருந்து கடலுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து வைத்திருந்தவள் நான். கடல் என்னடாவென்றால் காலுக்கடியிலேயே இருந்திருக்கிறது.

வீட்டுக்கு ஓடி வந்து வாசலில் நின்றே கத்தினேன். “அப்பா, நம்ம ஊரு கடலா இருந்துச்சாம்பா!”

அப்பா சட்டென்று இரண்டு பக்கமும் பார்த்தார். “மெதுவாச் சொல்லு” என்றார்.

அவர் பயத்துக்கு அர்த்தம் உண்டு. உழும்போது எங்கள் ஊர்க் கொல்லைகளில் சிப்பி ஒட்டிய கல்லும், நத்தை மாதிரி சுருண்ட கல்லும் கிளம்பி வரும். சிப்பிக்கல் மேலே கிடந்தால் சுத்திக்காரன் கண்ணில் படும், பட்டால் போர் வண்டி வரும் என்பது ஊரில் எல்லோருடைய நம்பிக்கை. அதனால் ஏர் ஓட்டி முடித்ததும் குனிந்து குனிந்து சிப்பிக்கல் பொறுக்குவதுதான் முதல் வேலை. சிலர் வரப்புக்கடியில் புதைப்பார்கள், சிலர் கருவேல மரத்தடியில் குழி வெட்டுவார்கள். அப்பா பாழுங்கிணற்றில் போடுவார். வேறு ஊரில் இப்படி ஒரு கல் கிடைத்தால் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவார்களாம். எங்கள் ஊரில் திருட்டுப் பொருளைப் போலத் துண்டில் சுற்றிக்கொண்டு போவார்கள். ஆனால் பெண்கள் மட்டும் அதில் நல்லதாக ஒன்றை எடுத்துத் துவைகல் பக்கத்தில் குதிகால் தேய்க்க வைத்துக்கொள்வார்கள். சுருள் கல்லின் வரிவரியான முதுகு பித்தவெடிப்புக்கு அவ்வளவு நல்லது. ஊரே சேர்ந்து காத்த ரகசியம் ஒவ்வொரு வீட்டுப் புழக்கடையிலும் ஈரமாகக் கிடந்தது.

நான் ஜியாலஜி என்று சொன்ன நாளிலிருந்து அப்பா என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதை ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே ஆட்டிடம் சொல்வார்.

“மேல இருக்கறத எல்லாம் படிக்கட்டும். ஆறு இருக்கு, மலை இருக்கு, அமெரிக்கா இருக்கு, யாரு வேணான்னா? கீழ போற படிப்பு எதுக்கு?”

நானும் ஆட்டிடமே பதில் சொன்னேன். “கீழ இருக்கறதுதான் மேல வந்து மலையா நிக்குதுன்னு சொல்லு.”

“வாயப் பாரு” என்பார் அப்பா, ஆட்டைப் பார்த்து. ஆடு மென்றுகொண்டே இருக்கும்.

அரியலூர் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து அப்ளிகேஷன் போட்டேன். ரயிலில் போய் அன்றைக்கே திரும்பிவிடக்கூடிய தூரத்தில் ஒரு பழைய கவர்மெண்ட் காலேஜ். அங்கே இரண்டு பாடமும் இருந்தன. இரண்டையும் போட்டுவிட்டேன், கவுன்சிலிங் அன்றைக்கு எது என்று சொன்னால் போதும். ஆக, அந்த ஒரு நாள்தான் எனக்கு வாழ்வா சாவா. கூட யார் வருவது என்று பேச்சு வந்தபோது, அப்பா முந்தின நாளே வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டு வைத்திருந்தார். என்னைக் காவல் காக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன்.

அரியலூர் ஸ்டேஷனில் ரயில் ஏறியதும் சண்டை போடத் தயாராக உட்கார்ந்தேன். என்னென்ன சொல்ல வேண்டுமென்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, இத்தனை நாளுக்குப் பிறகு ஆட்டின் துணையில்லாமல் என்னிடம் பேசினார்.

“ஒங்க பெரியப்பா கொல்லைக்குச் சுத்தியோட ஒரு பையன் வந்தானே, ஞாபகம் இருக்கா ஒனக்கு?”

எனக்கு லேசாகத்தான் ஞாபகம் இருந்தது. பெரியப்பாவின் கொல்லை எங்கள் கொல்லைக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. இப்போது அது மைன்ஸ். பெரியப்பாவுக்கு வேறு வேலை ஓடாது. காலையில் கிளம்பிப் போய்க் கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்று பள்ளத்தைப் பார்த்துவிட்டு வருவார்.

“அந்தப் பையன் நல்ல பையன்தான். நம்ம வூட்டுலதான் மோரு வாங்கிக் குடிச்சான். ‘நல்லா இருக்கும்மா’ன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லிட்டுப் போனான். அப்புறம் போரு போட வந்தப்ப அவனும் வந்தான். ஒங்க பெரியம்மா மண்ண வாரித் தூத்துனா பாரு, அது ஆபீசர் மேல விழல. அவன் தலையிலதான் விழுந்துச்சு.”

வயிறெரிந்து ஒரு பொம்பளை மண்ணை வாரித் தூற்றினால் அது பலிக்கும் என்பார்கள் எங்கள் பக்கம். கொலைக்கு அஞ்சாதவனும் அதற்கு அஞ்சுவான். அப்பாவும் அஞ்சுகிறவர்தான்.

“அவன் தொடைக்கக்கூட இல்ல. அப்படியே நின்னான். இவனும் ஒரு வூட்டுப் புள்ளதானே, இவன் அப்பன் இதப் பாத்தா எப்படி இருக்கும்னு எனக்கு அப்பவே தோணுச்சு.” அப்பா என் பக்கம் திரும்பினார். “நீ சுத்தியோட ஒரு ஊருக்குப் போவ. அங்கயும் ஒரு பெரியம்மா இருப்பா. ஒன் தலையில மண்ணு விழக் கூடாது பாப்பா. எனக்கு வேற ஒண்ணும் இல்ல.”

நான் மனப்பாடம் செய்தது எதற்கும் உதவவில்லை. கொல்லை போய்விடும் என்ற பயத்தில் பேசுகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவருடைய பயம் முழுக்க என் தலைமேல் இருந்திருக்கிறது. ஜியாகிரபியே எடுத்துக்கொள்வது என்று அங்கேயே முடிவு செய்தேன். அதுவும் எனக்குப் பிடித்த பாடம்தானே, பாழும் கிணற்றிலா விழப் போகிறேன் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன்.

காலேஜில் எங்கள் முறை வர நேரமாகும் என்றார்கள். வராந்தாவில் ஒவ்வொரு டிபார்ட்மெண்டுக்கும் ஒரு மேஜை போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஜியாலஜி மேஜையில் இருந்தவர் ஒரு பெண். வெயிலில் நன்றாகக் கருத்த முகம், பருத்திப் புடவை, புடவைக்குக் கீழே ஷூ. அப்பா அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேராக அந்த மேஜைக்குப் போய்விட்டார். வேண்டாம் என்று நான் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் கேட்டும் விட்டார்.

“ஏம்மா, ஒரு கொல்லையில கல்லு இல்லன்னா, இல்லன்னு எழுதுவீங்களா?”

அந்த மேடம் சிரிக்கவில்லை. “இல்லன்னா இல்லன்னுதாங்க எழுதணும்.”

“எழுதிட்டா அப்புறம் அந்தப் பக்கம் யாரும் வர மாட்டாங்களா?”

“அத நான் சொல்ல முடியாதுங்க. எழுதி வைக்கிறது மட்டும்தான் எங்க வேலை.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். அடுத்து அவர் கேட்டதுதான் அவர் கேட்க வந்தது. “ஒங்கள யாராச்சும் வஞ்சிருக்காங்களா?”

“நெறையப் பேரு. தண்ணி கொடுத்து உக்கார வச்சவங்களும் இருக்காங்க.”

“வையறப்ப என்ன பண்ணுவீங்க?”

“நின்னு கேட்டுக்குவேங்க. அவங்க சொல்றதுல முக்காவாசி நெசமாத்தான் இருக்கும்.”

அப்பா தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஹாலுக்குள் என்னைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சார் என் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, ரெண்டுலயும் சீட் இருக்கு, எது வேணும் என்றார். பெற்றோரெல்லாம் பின்னால் கயிறு கட்டிய இடத்தில் நிற்க வேண்டும். நான், “ஜியாகிரபி சார்” என்றேன்.

“சார், எழுதாதீங்க!”

ஒரு கொல்லையிலிருந்து அடுத்த கொல்லைக்குக் கூப்பிடுகிற குரல் அது. ஹால் முழுக்கத் திரும்பியது. அப்பா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

“யாருங்க நீங்க?”

“இதோட அப்பன். எம் பொண்ணு பொய் சொல்லுது சார். அதுக்கு இது வேணாம். எனக்காகச் சொல்லுது. அதுக்குக் கல்லுப் படிப்புதான் வேணும். அதப் போடுங்க.”

ஹாலே சிரித்தது. அந்த சார் என்னைப் பார்த்து, “என்னம்மா, எதும்மா?” என்றார். அப்பாவை நோக்கிக் கையை நீட்டினேன், அவர் சொன்னதுதான் என்பது போல. என் வாழ்க்கையில் என்னை அந்த அளவுக்குத் தெரிந்துகொண்ட ஆள் வேறு யாரும் இல்லை. அந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபோது அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில், “பெருமாள்கிட்ட ஒங்கம்மா பேசிக்குவா” என்றார். அவ்வளவுதான்.

முதல் வருஷமே ஒரு வேடிக்கை நடந்தது. டிபார்ட்மெண்ட் சுவரில் எங்கள் பகுதியின் நிலவியல் மேப் மாட்டியிருந்தது. எங்கள் ஊரைத் தேடினேன். எந்தக் காலத்திலோ அதற்கு நிறம் பூசி, சிப்பி கிடைக்கும் இடம் என்று குறியும் போட்டு வைத்திருந்தார்கள். ஊர் ஒளித்து வைத்தது அத்தனையும் உலகத்துக்கே தெரிந்த விஷயம். லீவில் வந்தபோது அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

“அப்ப நான் கெணத்துல போட்டதெல்லாம் வீணா?”

“வீண்தாம்பா.”

“பக்கத்துக் கொல்லைக்காரங்ககிட்ட சொல்லிடாத. பாவம், ஆசையா ஒளிக்கிறாங்க” என்றார். பிறகு, “நம்ம கொல்லைய மட்டும் நீ பாக்காத” என்றார். இன்றுவரை நான் பார்க்கவில்லை.

கடைசி வருஷம் எங்களுக்கு ஃபீல்டு வொர்க். ஆளுக்கொரு இடத்தைப் பிரித்துக் கொடுத்து மேப் போட்டு வரச் சொல்வார்கள். எனக்கு மீன்சுருட்டி ரோட்டில் உள்ளடங்கிய ஒரு ஊர் வந்தது. வீட்டிலிருந்தே போய்வந்தேன். கூட வந்த தோழி ஓடைப் பக்கம் போக, நான் ஒரு கொல்லைக் கிணற்றின் உள்சுவரில் தெரிந்த மண் அடுக்குகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்துவிட்டார். காலேஜ் பிள்ளை, படிப்புக்காக வந்தேன் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

“எங்கக்கா வூட்டு நெலத்துக்கும் இப்படித்தான்டி வந்தானுவ! படிப்புக்குன்னுதான் வந்தானுவ!”

குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினார். நான் நகரவில்லை. மண் என் தலையிலும் தோளிலும் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அவர் சொன்னதையெல்லாம் கேட்டேன். அவர் குரலும் பெரியம்மா குரலும் எனக்கு வேறு வேறாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் தட்டிவிட்டுத்தான் வந்தேன். இருந்தாலும் வாசலில் நுழைந்ததும் அப்பா என் தலையைப் பார்த்தார். முகம் என்னவோ ஆனது. எழுந்து வந்தார், மறுபடி உட்கார்ந்தார். எந்த ஊர், யார் என்று கேட்பார் என்று பார்த்தேன்.

“இருந்துச்சா?” என்று கேட்டார்.

“என்னப்பா?”

“கல்லு. அவங்க கொல்லையில.”

“இல்லப்பா. கெணறு பூரா மணலும் களிமண்ணும்தான். சுண்ணாம்புக்கல்லே இல்ல.”

“சொன்னியா?”

“சொல்ல விடலப்பா.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “காலைல நானும் வரேன். போயிச் சொல்லிட்டு வந்துருவோம்.”

மறுநாள் கல்யாணத்துக்குப் போகிறவர் போல வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து வந்தார். அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து இடுப்பில் கை வைத்து நின்றார். அப்பா வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொல்லைக்குள் இறங்கினார்.

“தங்கச்சி, நேத்து நீ மண்ணத் தூத்துனது எம் பொண்ணு மேல. வையறதுக்கு வரல. நானும் கொல்லைக்காரன்தான், எங்கண்ணன் கொல்லையும் போயிடுச்சு. ஒங்க கொல்லையில அந்தக் கல்லு இல்லையாம். எம் பொண்ணு பாத்துச்சு. அதச் சொல்லத்தான் வந்தோம்.”

அந்த அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “நெசமாவா?”

கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், எது மணல், எது களி என்று காட்டினேன். நான் படிக்கிற பிள்ளை, கிணற்றின் ஆழம்வரை பார்த்ததைத்தான் சொல்கிறேன், நாளைக்கு வேறு எதற்காகவும் வேறு யாரும் வரமாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் குனிந்து கிணற்றுக்குள்ளேயே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நிமிர்ந்து, முந்தானையால் என் தலையைத் தட்டிவிட ஆரம்பித்தார். நான் முந்தின நாள் ராத்திரியே தலைக்குக் குளித்திருந்தேன், தலையில் ஒன்றும் இல்லை. அது அவருக்கும் தெரிந்தது. தெரிந்தும் தட்டிக்கொண்டே இருந்தார். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். அப்பா அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.